செட்டினியேயை விட்டுக்கொடுக்காத இளவரசி

கோட்டோர் வளைகுடாவை விட்டு மலையேறும் பழைய சாலையில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு வரிசை எண் எழுதி வைத்திருக்கிறார்கள். பாதி வளைவு வரைக்கும் எண்ணைப் படித்துக்கொண்டு வந்தேன். எதிரே ஒரு சுற்றுலாப் பேருந்து வந்து நின்று, எங்கள் வண்டி பின்வாங்கியபோது படிப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் வெறும் காற்று. கீழே வளைகுடா நீலமாகக் கிடக்கிறது. அதில் நிற்கிற சொகுசுக் கப்பல் கைக்கடக்கமாகத் தெரிகிறது.

"சாலையை இங்கிருந்து பாருங்கள், எம் என்ற எழுத்து மாதிரி வளைந்திருக்கும்" என்றார் ஓட்டுநர். இந்தச் சாலையைப் போட்ட பொறியாளர் யோசிப் ஸ்லாடெ, மாண்டினீக்ரோ அரசி மிலேனாவின் மேல் மையல் கொண்டு அவர் பெயரின் முதல் எழுத்தை மலையிலேயே எழுதிவிட்டுப் போனாராம். ஆதாரம் ஏதும் கிடையாது. இந்த மலையேறும் எல்லாருக்கும் வண்டிக் கூலியோடு சேர்த்துக் கிடைக்கிற கதை இது. நானும் தலையாட்டிக் கேட்டேன். எம் தெரிந்தது மாதிரியும் இருந்தது.

மிலேனாவுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். ஒன்பது பெண்கள், மூன்று ஆண்கள். அந்தப் பெண்களில் ராணியானவர்களையும் ரஷ்ய அரண்மனைக்கு வாழ்க்கைப்பட்டவர்களையும் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். கல்யாணமே செய்துகொள்ளாமல் அப்பாவோடு இருந்துவிட்ட க்ஸேனியாவுக்காகத்தான் நான் இந்த மலை ஏறினேன்.

ஏறி முடித்ததும் நியெகுஷி. க்ஸேனியாவின் அப்பா நிகோலா அரசர் 1841இல் பிறந்த கிராமம் இது. இன்றைக்கு அரசரைவிடப் புகைபோட்ட பன்றித் தொடைக் கறிக்கும் பாலாடைக்கட்டிக்கும்தான் பெயர் போனது. சாலையோரக் கடைகளில் தொடைகள் தலைகீழாகத் தொங்குகின்றன. முதலாம் உலகப் போர் வரைக்கும் கீழே இருக்கிற கோட்டோர் ஆஸ்திரியாவுக்குச் சொந்தம், மேலே இருக்கிற பாறைதான் மாண்டினீக்ரோ. பயிர் விளைகிற மண்ணும் கப்பல் வந்து நிற்கிற துறையும் பேரரசுக்கு, காற்றும் கல்லும் இவர்களுக்கு. இந்தக் கல்லைத்தான் ஓட்டோமான்களால் கடைசிவரை முழுசாக விழுங்க முடியவில்லை.

செட்டினியே கடல்மட்டத்துக்கு அறுநூறு மீட்டருக்கு மேலே, மலைகள் சூழ்ந்த ஒரு சமவெளியில் இருக்கிறது. ஒரு நாட்டின் தலைநகரமாக இருந்த ஊர் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். காலாற நடந்தால் ஒரு மணி நேரத்தில் ஊர் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் ரஷ்யத் தூதரகம், பிரிட்டிஷ் தூதரகம், இத்தாலியத் தூதரகம், ஆஸ்திரிய-ஹங்கேரியத் தூதரகம் என்று முன்னாள் மாளிகைகள் வந்துகொண்டே இருக்கின்றன. சிலவற்றில் இப்போது கலைக்கல்லூரி வகுப்புகள் நடக்கின்றன. பிரெஞ்சுத் தூதரகத்தின் முகப்பில் வண்ண ஓடுகள் பதித்திருக்கிறார்கள். கெய்ரோவுக்குப் போக வேண்டிய வரைபடம் தவறி இங்கே வந்துவிட்டது என்று அதற்கும் ஒரு கதை. சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஊரில் வல்லரசுகளெல்லாம் வீடு கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் ஜன்னல் வழியாக வேவு பார்த்திருக்கின்றன. காரணம் எளிமையானது: ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பால்கனில் மோதிக்கொண்டிருந்த காலத்தில், அட்ரியாட்டிக் கடலை மேலிருந்து பார்க்கிற இந்தப் பாறை யார் பக்கம் என்பது எல்லாருக்கும் முக்கியம்.

அரண்மனையைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிடாமல் இருக்கப் பாடுபட வேண்டியிருந்தது. செங்காவி பூசிய சுவர், இரண்டு மாடி, வரிசையாகப் பச்சை ஜன்னல் கதவுகள். செட்டிநாட்டில் ஒரு சுமாரான வீடு இதைவிடப் பெரிதாக இருக்கும். 1860களில் கட்டியது. இதன் எதிரே ஓர் எல்ம் மரத்தடியில் உட்கார்ந்து நிகோலா வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வாராம். மரம் போய்விட்டது, கதை இருக்கிறது.

உள்ளே வழிகாட்டியாக வந்த இளம்பெண் முதலில் ஆயுத அறைக்குத்தான் அழைத்துப் போனார். ஓட்டோமான்களிடம் பறித்த கொடிகள், வாள்கள், பதக்கங்கள். 1876இல் வுச்சி டோ போரில் சுமந்துபோன கொடி சல்லடையாகிக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிறது. மாடிக்குப் போனால் வேறு உலகம்: வெனிஸ் கண்ணாடிகள், பியானோ, பட்டு உறை போட்ட நாற்காலிகள், சுவர் முழுக்க ஐரோப்பிய மன்னர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படங்கள். அந்தப் படங்களில் பாதிப் பேர் இந்த வீட்டுக்குச் சம்பந்திகள் அல்லது மாப்பிள்ளைகள்.

மிலேனா இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தபோது வயது பதின்மூன்று. அவர் பெற்ற பெண்களை நிகோலா படிக்க வைத்தார். மூத்தவர்கள் பீட்டர்ஸ்பர்க்கின் ஸ்மோல்னி கல்விக்கூடத்துக்குப் போனார்கள். அங்கே படிக்கப்போன மாரியா பதினாறு வயதில் இறந்தாள். மற்றவர்கள் வரன்களோடு திரும்பினார்கள் என்று சொன்னால் மிகையில்லை. மூத்தவள் ஸோர்க்கா 1883இல் பீட்டர் கரஜோர்ஜெவிச்சை மணந்தாள். அப்போது அவர் நாடிழந்த செர்பிய இளவரசர், மாமனார் ஊரிலேயே குடியிருந்தார். 1889இல் மிலிட்சாவும் ஸ்டானாவும் ரஷ்ய அரச வட்டத்துக்குள் வாழ்க்கைப்பட்டார்கள். அந்த ஆண்டுதான் ஜார் மூன்றாம் அலெக்சாண்டர் ஒரு விருந்தில் நிகோலாவை ரஷ்யாவின் ஒரே உண்மையான நண்பர் என்று சொல்லிக் கோப்பையை உயர்த்தினார். பிற்பாடு ரஸ்புடினை ஜார் குடும்பத்துக்கு அறிமுகப்படுத்தியவர்கள் இந்தச் சகோதரிகள்தான். 1896இல் யெலேனா இத்தாலியப் பட்டத்து இளவரசரை மணந்தாள், நான்கு ஆண்டுகளில் ராணியானாள். 1897இல் ஆனா பாட்டன்பர்க் வம்சத்துக்குப் போனாள்.

நிகோலாவுக்கு 'ஐரோப்பாவின் மாமனார்' என்று பெயர் வந்தது இப்படித்தான். உங்கள் நாட்டில் ஏற்றுமதிச் சரக்கே இல்லையே என்று யாரோ கேட்டதற்கு, என் பெண்களை மறந்துவிட்டீர்களே என்றாராம். சொன்னாரோ இல்லையோ, ஐரோப்பா முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தது. வியன்னாவில் 1905இல் லெஹார் இசையமைத்து அரங்கேறிய 'களிப்பான விதவை' என்ற இசைநாடகம் இந்த நாட்டைத்தான் நையாண்டி செய்தது. பொன்டெவெட்ரோ என்று நாட்டின் பெயரை மாற்றினார்கள். கதாநாயகனுக்கு மட்டும் டனிலோ என்று பட்டத்து இளவரசரின் பெயரையே விட்டுவைத்தார்கள். கதை என்னவென்றால், பணக்கார விதவை ஒருத்தி அந்நியனை மணந்துகொண்டால் நாட்டுக் கருவூலம் காலியாகிவிடும் என்பது. ஒரு பெண்ணின் கல்யாணத்தில் தொங்குகிற தேசம்! வியன்னாக்காரர்களுக்குக் குசும்பு அதிகம். ஆனால் இந்த மாடியில் நின்று படங்களைப் பார்த்தால், அவர்கள் அப்படியொன்றும் கற்பனையாகச் சொல்லிவிடவில்லை என்று தோன்றுகிறது.

இந்தச் சந்தையில் க்ஸேனியாவின் பெயரும் அடிபட்டது. 1881இல் பிறந்தவர், உயரம், கறுப்புக் கூந்தல், நேராகப் பார்க்கிற கண். சமஸ்தானங்களின் வம்புச் செய்திகளை அச்சடித்துப் பிழைத்த பத்திரிகைகள் அவருக்கு மாப்பிள்ளைகளை அடுக்கிக்கொண்டே இருந்தன. செர்பியாவின் இளம் மன்னர் அலெக்சாண்டர் ஒப்ரெனோவிச் என்று ஒரு பேச்சு. மனைவியை இழந்த பல்கேரியாவின் ஃபெர்டினாண்ட் என்று இன்னொரு பேச்சு. எதுவும் கூடவில்லை.

ஒப்ரெனோவிச் விஷயத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் 1900இல் தன் தாயின் தோழியாக இருந்த விதவை திராகாவை மணந்தார். 1903 ஜூனில் ஒரு நள்ளிரவில் சொந்த ராணுவ அதிகாரிகளே பெல்கிரேட் அரண்மனைக்குள் புகுந்து இருவரையும் சுட்டு, வெட்டி, உடல்களை ஜன்னல் வழியாகத் தோட்டத்தில் வீசினார்கள். காலியான அரியணையில் கொண்டுவந்து உட்கார வைத்தது யாரை? ஒரு காலத்தில் செட்டினியேயில் மாமனார் வீட்டோடு இருந்த அதே பீட்டரை. ஸோர்க்கா அதைப் பார்க்கவில்லை. 1890லேயே இங்கே இறந்துவிட்டாள். பத்திரிகைகள் போட்ட முடிச்சு விழுந்திருந்தால் அந்த ஜன்னலருகே நின்றிருக்கக்கூடியவர் க்ஸேனியா.

"ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை?" என்று வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன்.

"வருகிற எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள்" என்றார் சிரித்துக்கொண்டே. "அவருடைய காமிராவைப் பற்றிக் கேட்டால் நான் அரை மணி நேரம் பேசுவேன்."

அதனால் காமிராவைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னபடியே பேசினார். க்ஸேனியா படம் எடுப்பதில் பைத்தியமாக இருந்திருக்கிறார். வீட்டாரை, ஊர்க்காரர்களை, பயணங்களை எடுத்து ஆல்பங்களில் ஒட்டி வைத்திருக்கிறார். அரச குடும்பத்துப் பெண் என்றால் காமிராவுக்கு எதிரே அசையாமல் உட்காரப் பழகியவள். இவர் கருவிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நாட்டிலேயே கார் ஓட்டிய முதல் பெண் இவர்தான் என்றும் செட்டினியேயில் சொல்கிறார்கள். நான் சற்றுமுன் கண்ணை மூடிக்கொண்டு வந்த வளைவுகளை நினைத்துக்கொண்டேன். அன்றைக்குத் தடுப்புச் சுவர்கூட எத்தனை இடத்தில் இருந்திருக்கும்?

ஆனால் அவர் செய்த பெரிய காரியம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. மூத்த பெண்கள் ஒவ்வொருவராகப் போன பிறகு, அப்பாவின் அரசியலுக்குப் பக்கத்தில் இருந்த மூளை இவருடையது. வெளிநாட்டுத் தூதர்களுக்கு இது தெரியும். மன்னரிடம் போவதற்கு முன் இளவரசியின் மனம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற அளவுக்கு அவர் சொல்லுக்கு எடை இருந்தது. செர்பியாவோடு நாட்டை இணைத்துவிடலாம் என்கிற பேச்சு உள்ளூரிலேயே வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. க்ஸேனியா அதற்குத் திட்டவட்டமாக எதிரி. அரியணை ஆண் வழிக்குத்தான் என்பதால் பட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்த வீட்டில் பட்டத்தைப் பற்றிக் கறாராக யோசித்தவர் அவர்தான் என்பது என் எண்ணம்.

1910 ஆகஸ்டில் நிகோலா தன் ஐம்பதாவது ஆட்சியாண்டைக் கொண்டாடி, இளவரசர் என்ற நிலையிலிருந்து மன்னராக முடிசூட்டிக்கொண்டார். இத்தாலிய மன்னரும் பல்கேரிய மன்னரும் இந்தச் சின்ன ஊருக்கு வந்தார்கள். செர்பியாவிலிருந்து வந்தவர் பட்டத்து இளவரசர் அலெக்சாண்டர், இறந்துபோன ஸோர்க்காவின் மகன். அவர் 1888இல் பிறந்ததே செட்டினியேயில்தான். தாய் போனபோது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அப்போது க்ஸேனியாவுக்கு எட்டு வயது. இவ்வளவு சின்ன ஊரில், சித்தி வீட்டு முற்றத்தில் அவன் தவழாமல் இருந்திருக்க முடியாது.

இரண்டே ஆண்டுகளில் போர். 1912 அக்டோபர் 8 அன்று ஓட்டோமான்கள் மேல் முதலில் போர் அறிவித்தது மாண்டினீக்ரோதான். மற்ற பால்கன் நாடுகள் பின்னால் வந்தன. ஷ்கோடர் கோட்டையை ஏறக்குறைய ஆறு மாதம் முற்றுகையிட்டு, ஆயிரக்கணக்கில் ஆட்களைப் பலிகொடுத்து வாங்கி, வல்லரசுகள் மிரட்டியதும் திருப்பிக் கொடுத்தார்கள். க்ஸேனியாவும் தங்கை வேராவும் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள மருத்துவமனைகளில் நின்றார்கள். மூச்சு விடுவதற்குள் முதலாம் உலகப் போர். 1916 ஜனவரியில் ஆஸ்திரியர்கள் கீழே வளைகுடாவிலிருந்து கப்பல் பீரங்கிகளால் லோவ்ச்சென் மலையை அடித்துக்கொண்டு மேலே ஏறினார்கள். அந்த முனையைக் காத்த படைக்குத் தலைமை தாங்கியவர் கடைசித் தம்பி பீட்டர். மலை விழுந்தது, செட்டினியே விழுந்தது. கிழவரான மன்னர் ஷ்கோடர் வழியாக இத்தாலிக்குக் கப்பலேறினார். அப்புறம் பிரான்ஸ்.

பிறகு நடந்ததைச் செட்டினியேயில் இன்றும் சத்தம் போடாமல் பேசுவது கஷ்டம். நான் காபி குடித்த கடையில் இரண்டு பெரியவர்கள் எனக்காக இதை விளக்கத் தொடங்கி, தங்களுக்குள்ளேயே சண்டையில் முடித்தார்கள். 1918 நவம்பரில் பொட்கோரிட்சாவில் ஒரு சபை கூடி நிகோலாவைப் பதவி நீக்கியது, நாட்டைச் செர்பியாவோடு இணைத்தது, அரச குடும்பம் திரும்பி வரக்கூடாது என்றது. போரில் வென்ற நேச நாடுகளின் பக்கம் நின்ற ஒரு நாடு, வென்ற பிறகு வரைபடத்திலிருந்தே காணாமல் போனது. புதிய அரசின் மன்னர் பீட்டர், மூத்த மாப்பிள்ளை. அவருக்காக ஆட்சி நடத்தியவர் அலெக்சாண்டர், பேரன். "பேரன்தானே எடுத்துக்கொண்டான், அந்நியனா?" என்றார் ஒரு பெரியவர். மற்றவர் காபிக் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு, "பேரன் வந்து தாத்தாவின் பென்ஷனை வாங்கிக்கொள்ளலாம், வீட்டை விற்கலாமா?" என்றார். 1919 ஜனவரியில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸ் நாளில் இணைப்பை எதிர்த்தவர்கள் இந்த ஊரைச் சூழ்ந்து கிளர்ச்சி செய்து தோற்றது வரைக்கும் பேச்சு போனது. என் காபிக்கும் அவர்களே பணம் கொடுத்துவிட்டார்கள்.

நிகோலா 1921 மார்ச் 1ஆம் தேதி பிரான்ஸின் ஆன்டிப் முனையில் இறந்தார். வாரிசான டனிலோ, ஆறே நாளில் உரிமையைத் தம்பி மகனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். அந்தப் பையனுக்குப் பன்னிரண்டு வயது. மிலேனா 1923இல் போனார், வேரா 1927இல். தந்தைக்குக் கடைசிவரை கடிதமும் அரசியலுமாகத் துணையிருந்த க்ஸேனியா, அதற்குப் பிறகும் பிரான்ஸிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

அந்த முப்பது ஆண்டுகளில் அக்காக்கள் மணந்த சிம்மாசனங்கள் என்னவாயின என்று கணக்குப் பார்த்தால் தலை சுற்றும். ரஷ்யா 1917லேயே போய்விட்டது. மிலிட்சாவும் ஸ்டானாவும் கிரிமியாவிலிருந்து பிரிட்டிஷ் கப்பலில் தப்பி வந்தார்கள். அலெக்சாண்டர் 1934இல் மார்செய்யில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உருவாக்கிய யூகோஸ்லாவிய முடியாட்சியை 1945இல் கம்யூனிஸ்டுகள் முடித்து வைத்தார்கள். யெலேனாவின் மகள் மஃபால்டா புக்கன்வால்ட் வதைமுகாமில் இறந்தாள். 1946இல் இத்தாலிய முடியாட்சியும் வாக்கெடுப்பில் தோற்றது. யெலேனா எகிப்துக்குப் போய், பிறகு பிரான்ஸில் மோன்பெலியேயில் 1952இல் இறந்தார். மிலிட்சா அதற்கு முந்தைய ஆண்டு அலெக்சாண்ட்ரியாவில். எங்கே கொடுத்தால் பெண் நன்றாக இருப்பாள் என்று அந்தத் தகப்பனார் எவ்வளவு கணக்குப் போட்டாரோ, அத்தனையும் இந்த அரை நூற்றாண்டு அழித்துவிட்டது. க்ஸேனியா 1960இல் பாரிஸில் இறந்தபோது, ஒன்பது சகோதரிகளில் உயிரோடு இருந்தவர் சுவிட்சர்லாந்தில் ஆனா மட்டும்தான்.

அரண்மனைக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் சிப்பூர் தேவாலயம். 1484இல் இவான் க்ர்னோயெவிச் கட்டிய பழைய மடாலயம் இருந்த இடத்தில் பிற்காலத்தில் எழுப்பிய சின்னக் கோயில். உள்ளே வெளிச்சம் குறைவு, மெழுகு வாசனை. நிகோலாவும் மிலேனாவும் இங்கேதான் இருக்கிறார்கள். 1989 அக்டோபர் 1ஆம் தேதி, யூகோஸ்லாவியா இன்னும் இருந்த காலத்திலேயே, இத்தாலியின் சான் ரெமோவில் இருந்த ரஷ்யக் கோயிலிலிருந்து அவர்களைக் கொண்டுவந்தார்கள். கூட வந்தவர்கள் இரண்டு மகள்கள்: க்ஸேனியா, வேரா. இருவரும் மணமாகாதவர்கள். மணந்து போனவர்கள் அங்கங்கே கணவர் நாட்டு வரலாற்றோடு தங்கிவிட்டார்கள். சொந்தக் குடும்பப் பெயரோடு இறந்த இரண்டு பேருக்குத்தான் ஊர் திரும்ப இடம் கிடைத்தது. அன்றைக்கு வழியெங்கும் திரண்ட கூட்டத்தைப் பற்றி அந்தக் காபிக்கடைப் பெரியவர்கள் இருவரும் முதல் தடவையாக ஒரே கருத்தாகப் பேசினார்கள். பெல்கிரேட்டுக்கு அது ஒரு செய்தி என்று ஒருவர் சொன்னார். 2006 மே மாத வாக்கெடுப்பில் 55.5 சதவீதம் பேர் தனிநாடு கேட்டு வாக்களித்தபோது, க்ஸேனியா 1918இல் பிடித்த பிடி ஒரு வழியாக நிறைவேறியது.

முக்கியத் தெருவில் நினைவுப்பொருள் கடை ஒன்று. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தங்களில் நிகோலா, முண்டாசும் மீசையுமாக மலைக்காரர்கள், லோவ்ச்சென் உச்சி. இத்தாலிய ராணியாகக் கிரீடத்தோடு யெலேனா மூன்று அளவுகளில் இருந்தார்.

"க்ஸேனியா இருக்கிறாரா?" என்று கேட்டேன்.

கடைக்கார அம்மாள் உள்ளே போய் ஒரு பெட்டியைக் கிளறினார். "இத்தாலியர்கள் நிறைய வருகிறார்கள், அவர்கள் யெலேனாவைத்தான் கேட்பார்கள்" என்று உள்ளிருந்தே சொன்னார். கடைசியில் குடும்பம் முழுக்க நிற்கிற ஒரு பழைய படத்தின் அஞ்சலட்டையோடு வந்தார். ஓரத்தில் நிற்கிற ஒரு பெண்ணின் மேல் விரலை வைத்தார். "இவர்தான் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் அந்தப் பக்கத்தில் நிற்பவர்."

"இரண்டு பேரையும் எடுத்துக்கொள்கிறேன்" என்றேன்.

"அட்டை ஒன்றுதானே, ஒரு யூரோ" என்று உறையில் போட்டுக் கொடுத்தார்.